கறைக்குக் காரணம் கேட்டவர்

என் கணவர் இறந்து ஏழு மாதம் கழித்து, கருணை அடிப்படையில் எனக்கு அவருடைய ஆபீசிலேயே வேலை கிடைத்தது. முதல் நாள் போய் நின்றபோது ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தார்கள். "தங்கமான மனுஷன்" என்றார் ஒருவர். "கடவுளுக்குக் கண்ணே இல்லம்மா" என்றார் இன்னொருவர். கடைசியாக மூலையிலிருந்த டிராயிங் மேசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார்.

"அந்தக் கறை எங்கேர்ந்து வந்துச்சு?"

பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை இருந்தது.

"ஊறுகா எண்ணெ மேடம்."

"அடியில இல்ல இருக்குது? ஊறுகா மேலதான வெப்பாங்க."

யோசித்துப் பார்த்தேன். "பஸ்ல கால்மாட்டுல வெச்சிருந்தேன். கீழ யாரோ எண்ணெ சிந்தியிருப்பாங்க போல."

"அப்ப அது உன் ஊறுகா இல்ல" என்று சொல்லி, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் எனக்குச் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான். ஏழு மாதத்தில் என்னிடம் சாவைத் தவிர வேறு எதையாவது பற்றிப் பேசிய முதல் ஆள் அவர் என்பது, வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆபீசில் அவரை டிராயிங் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அழுக்கு மேடம். இரண்டுமே அவருக்குத் தெரியும். இரண்டாவதுதான் பொருத்தமான பெயர் என்று ஒருமுறை அவரே சொன்னார். திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசை ஒட்டிய பழைய கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். நில வரைபடங்களைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் வரைவது அவர் வேலை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "கேக்கறதுக்கு ஒங்களுக்கு வேற கறையே கெடைக்கலியா" என்பார். இப்போது ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு போய்விட்டார். நான் அவரைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது.

மனிதர்களைப் பற்றி அவர் விசாரித்து நான் கேட்டதில்லை. கறைகளைப் பற்றித்தான் விசாரிப்பார். ஒருமுறை கிராமத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் நிலத்தின் பழைய வரைபடத்தைக் காட்டினார். ஒரு மூலை முழுக்க மஞ்சளேறிப்போயிருந்தது. எலி மூத்திரம் என்று எங்கள் பிரிவில் ஒருவர் முகம் சுளித்தார். மேடம் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"வெளக்கெண்ணெ. சாமி மாடத்துல வெளக்குக்குப் பின்னாடி சொருவி வெச்சிருந்தீங்களா?"

பெரியவர் அசந்துபோனார். "ஆமாங்க. எங்கப்பாரு காலத்துலேர்ந்து அங்கதாங்க இருக்குது."

"பத்திரமாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார் மேடம். அந்தப் பெரியவர் வந்த வேலை அன்று முடியவில்லை. ஆனாலும் சிரித்த முகமாகத்தான் போனார்.

வேலையில் சேர்ந்து நாலைந்து மாதம் கழித்து அவர் வீட்டுக்கு முதல் முறை போனேன். புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த தெருவில் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு அறை முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான டவுன் பஸ், தண்ணீர் லாரி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர், ஷேர் ஆட்டோ. பொம்மை என்று சொல்ல வாய் திறந்தேன், சொல்லவில்லை. அந்த டவுன் பஸ்ஸில் நான் ஏறியிருக்கிறேன். அதன் பின் பம்பர் நெளிவு எனக்குத் தெரியும்.

"ஆபீஸ்ல வயலச் சின்னதாக்குறேன், ஊட்ல வண்டியச் சின்னதாக்குறேன். ஒரே வேலதான்" என்றார்.

சிலவற்றைத் தபாலில் வரும் பெட்டியிலிருந்து ஒட்டிச் செய்வார். சிலவற்றுக்குத் தகட்டைத் தானே வெட்டுவார். செய்வதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அழுக்கு வைக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும். அதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். இடப்பக்கம் கறை, வலப்பக்கம் காரணம். டவுன் பஸ் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக் கோடு: வாந்தி, பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள். பின்படிக் கம்பியில் பெயிண்ட் போனது: காலேஜ் பிள்ளைகளின் மோதிரம். முன்சக்கரத்தில் மஞ்சள்: ஆயுத பூஜை எலுமிச்சம்பழம்.

"அழகா இருக்குதேன்னு ஒரு எடத்துல துரு வெச்சா அது பவுடர் போட்ட மாதிரிம்மா. சும்மா வந்த அழுக்குன்னு ஒலகத்துல கெடையாது. காரணம் தெரியலன்னா நான் வெக்க மாட்டேன்."

டிராக்டரின் டயரில் வைத்த சேற்றை ஒருமுறை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டாராம். மல்லாட்டை மூட்டை ஏற்றியிருக்கிறது, அப்படியென்றால் செடி பிடுங்கிக் காயவைத்தாகிவிட்டது, அந்த வெயிலில் சேறு எங்கிருந்து வரும் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லையாம். இதை அவர் சொன்னபோது சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஆபீஸ் ஜீப்பின் டிரைவர். ஒரு கேம்ப் முடிந்து திரும்பும்போது, ஜீப்பை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார். பக்கத்து சீட்டில் இருந்த அதிகாரி போனில் பேசிக்கொண்டிருந்தவர், ஏதோ தேவைக்காக நிறுத்துகிறார் என்று நினைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது இவர் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தார். மாரடைப்பு. "சாவும்போதுகூட ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் செத்தாரு" என்று சாவு வீட்டில் எத்தனை பேர் பெருமையாகச் சொன்னார்கள் என்று கணக்கில்லை. நான் அழவில்லை. "கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா பாரு" என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. நான் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

மேடம் என் வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்திருக்கிறார். மகள் வேலூரில் ஹாஸ்டலில் இருந்ததால் நான் மட்டும்தான் இருந்தேன். காபி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கதவு நெலையில இந்தப் பக்கம் மட்டும் பெயிண்ட்டு புதுசா இருக்குதே?"

"கறை இருந்துச்சு மேடம். காரியத்துக்கு முன்னாடி வெள்ளையடிச்சப்ப அதையும் அடிக்கச் சொல்லிட்டேன்."

"இன்னா கறை?"

"சும்மா கறைதான்" என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்தார். சும்மா வந்த கறை கிடையாது என்று அவர் சொல்லவில்லை. காபியை வாங்கிக்கொண்டார்.

அது விபூதிக் கறை. என் கணவர் காலையில் விபூதி இட்டுக்கொண்டதும் கையில் இருக்கும் மிச்சத்தைக் கட்டைவிரலால் அந்த நிலையில்தான் துடைப்பார். கீழே கொட்டினால் காலில் மிதிபடுமாம். குழாயில் கழுவினால் சாக்கடைக்குப் போகுமாம். இருபது வருஷம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை ஈரத் துணியால் துடைப்பேன், மறுநாளே மறுபடி வரும். வெள்ளையடிக்க வந்தவர் "இங்க இன்னாம்மா இது" என்று கேட்டார். அது மேலேயே அடித்துவிடச் சொன்னேன். அவர் அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இப்போது பொட்டுக்குப் பதிலாக நானும் தினமும் விபூதிதான் இட்டுக்கொள்கிறேன். மிச்சத்தைக் குழாயில் கழுவிவிடுவேன்.

அந்த ஜீப் எங்கள் ஆபீஸ் வளாகத்திலேயே நின்றது. கரும்பச்சை நிறம். ஏற்கெனவே கழித்துக்கட்ட வேண்டிய வயசு. அவர் போன பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. ஒரு பக்கம் எருக்கஞ்செடி முளைத்து ஜன்னல் வரை வந்துவிட்டது. என் மேசையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். சேர்ந்த முதல் வாரமே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

ஜீப்பை ஏலம் விடுவதாக உத்தரவு வந்த அன்று, மேடம் என் மேசைக்கு வந்தார்.

"அந்த ஜீப்பச் செய்யலாம்னு இருக்கேன்."

"எனக்காக வேணாம் மேடம்."

"உனக்காக இல்ல. எங்கிட்ட ஜீப்பு இல்ல." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "ஆனா பதினோரு வருஷம் ஓட்டுனவரு ஊட்டுக்காரி நீ. காரணம் கேட்டா நீதான் சொல்லணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். ஆபீஸ் வண்டியில நான் ஏறுனதே இல்ல."

பொய் இல்லை. கவர்ன்மென்ட் வண்டியில் குடும்பத்தை ஏற்றக்கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. ஒருமுறை நல்ல மழையில் நான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஜீப்பில் தனியாக வந்தவர் என்னைப் பார்த்தார். ஹார்ன் மட்டும் அடித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து, "ஹார்ன் அடிச்சனே கேட்டுச்சா" என்று வேறு கேட்டார்.

ஜீப்பைச் செய்வதற்கு முன்னால் ஏர்பிரஷ் வாங்க வேண்டும் என்றார் மேடம். அதுவரை கைப்பிரஷ், பஞ்சுத் துண்டு, பழைய பல் பிரஷ், துணியில் சலித்த மண் இவைதான் அவர் சாமான்கள். "எல்லாம் வருது. தூசி மட்டும் வரல. பிரஷ்ல வெச்சா பூசுன மாதிரி இருக்குது. தூசிய யாரும் பூசறதில்ல. அது வந்து ஒக்காருது." காற்றோடு கலந்து பெயிண்டை ஊதும் பேனா மாதிரியான ஒரு கருவி அது. செல்போனில் நாள் முழுக்க அதைப் பற்றிப் பார்ப்பார். ஆனால் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம். திருவண்ணாமலையில் ஏர்பிரஷ் யாரிடம் இருக்கும்?

கேக் கடையில் இருந்தது. ஒரு மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு தேரடித் தெருப் பக்கம் ஒரு பேக்கரிக்குப் போனார். அரைக் கிலோ வெள்ளைக் கேக் ஒன்று சொன்னார்.

"மேல இன்னா எழுதணுங்க மேடம்?" என்றார் மாஸ்டர்.

"எதுவும் எழுத வேணாம். அந்த மிஷின்ல தூசி அடிச்சுக் குடுங்க."

"தூசிங்களா?"

"சாக்லேட் கலர்ல, கம்மியா. கேக்கு ஒரு வாரம் ரோட்டோரம் நின்னா எப்பிடி இருக்கும், அப்பிடி."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் அடித்தார். விசையை அமுக்கியதும் முதலில் பொத்தென்று ஒரு திட்டு விழுந்தது, அதற்குப் பிறகுதான் மென்மையாக வந்தது. "பாத்தியா, அமுக்குனா காத்தும் கலரும் சேந்தே வருது. ஆரம்பிச்ச எடம் தெரியுது. தூசிக்கு ஆரம்பம் தெரியக்கூடாது" என்றார் மேடம். பிறகு மாஸ்டரிடம் கேட்டுத் தானே நாலு கோடு இழுத்துப் பார்த்தார். அந்தக் கேக்கை ஆபீசுக்குக் கொண்டுவந்து எல்லோரும் தின்றோம். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்றார்.

பிறகு டூவீலருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்குப் போனோம். அங்கே இருந்ததற்குப் பாட்டில் கீழே. கீழிருந்து உறிஞ்ச காற்று ஜாஸ்தி வேண்டும், சின்ன வேலைக்கு ஆகாது. பிள்ளையார் சிலைக்கு அடிப்பவரிடம் இருந்தது அதைவிடப் பெரிசு. "இதுல அடிச்சா என் பஸ்ஸே பறந்துரும்" என்றார். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி ஒரு முடிவுக்கு வந்தார். பெயிண்ட் கிண்ணம் மேலே இருக்க வேண்டும், நாலு சொட்டு விட்டாலும் தானாக இறங்கும். கம்ப்ரசரில் காற்றுத் தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் காற்று விக்கி விக்கி வரும். ஐப்பசி மழையில் காற்றோடு ஈரம் வராமலிருக்க ஒரு வடிகட்டி. விசை இரண்டு வேலை செய்வதாக இருக்க வேண்டும்.

"அமுக்குனா காத்து மட்டும். பின்னாடி இழுத்தாத்தான் பெயிண்ட்டு வரும். எவ்ளோ இழுக்கறமோ அவ்ளோ. நம்ம இஷ்டம்."

நானும் ஒன்றரை வருஷமாகக் காற்று மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது நாசில், அதாவது பெயிண்ட் வெளியே வரும் துளை. புள்ளி இரண்டு மில்லிமீட்டரா, புள்ளி மூன்றா? அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். கடைசியில் புள்ளி மூன்று என்று முடிவாகிவிட்டது. "தூசிக்கு இது போதும். புள்ளி ரெண்டு மெல்லிசா வரும், ஆனா ஒரு துணுக்கு காஞ்சாலும் அடைச்சிக்கும். கழுவியே என் ஆயுசு போயிடும்." மறுநாள் ஆர்டர் போடுவதாக இருந்தார். அதற்குள் ஏலம் எடுத்தவர் வாரக் கடைசியில் ஜீப்பைத் தூக்கிப்போகப் போகிறார் என்று தகவல் வந்தது.

"இன்னிக்கு மத்தியானம் வா. போய்ப் பாத்துரலாம்" என்றார்.

"நீங்க பாருங்க மேடம்."

"நான் பாத்தா கறைதான் தெரியும். காரணம் நீதான் சொல்லணும்னு அன்னிக்கே சொன்னேன்."

சாப்பாட்டு நேரத்தில் போனோம். கால் என்னவோ சாதாரணமாகத்தான் நடந்தது. ஜீப்புக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தது, எங்களைப் பார்த்து எழுந்து போயிற்று. டயர்கள் நாலும் தரையோடு தரையாக இறங்கியிருந்தன. மேடம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கதவு விளிம்பில் பெயிண்ட் தேய்ந்திருந்தது: முழங்கை. அது அவருக்கே தெரியும். கிளட்ச் பெடலில் ஒரு மூலை மட்டும் வழுவழுவென்று இருந்தது.

"இது ஏன் ஒரு பக்கமா தேஞ்சிருக்குது?"

"அவருக்கு இடது முட்டி வலி. காலை நேரா வெக்க முடியாது. ஒருக்களிச்சுத்தான் மிதிப்பாரு."

சொன்ன பிறகுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் அந்தப் பெடலை மிதித்து நான் பார்த்ததே இல்லை. ராத்திரியில் அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்தது மட்டும் தெரியும்.

மேடம் எழுதிக்கொண்டார். டிரைவர் பக்கக் கதவு பாதி திறந்து கிடந்தது. அதன் மேல் ஒரு விரற்கடைக்குத் தூசி. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்து அந்தக் கதவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுச் சாமானில் தூசியைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே. வெளிப்பக்கம் துடைத்துவிட்டேன். பச்சை பளிச்சென்று தெரிந்தது. கதவை இன்னும் திறந்து, உள்ளே கதவை ஒட்டி நிற்கும் தகரத் தூணுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"தொடைக்காத!"

வாசலில் இருந்த வாட்ச்மேன் எழுந்து பார்த்தார். மேடம் குரல் உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார். பிறகு கதவுக்குள் தலையை நீட்டி, அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். நோட்டில் ஏதோ எழுதினார். நான் சுருங்கிப்போய் முந்தானையை உதறிக்கொண்டு நின்றேன்.

"இன்னா மேடம் அங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ, சாப்புடு."

கஷ்டப்பட்டுத் தேடும் அழுக்கை நான் அழித்துவிட்டேன் என்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன். சாயந்திரம் பஸ் ஏறப் போகும்போது பின்னாலேயே வந்து, "புள்ளி மூணு வேணாம். புள்ளி ரெண்டே ஆர்டர் போட்டுட்டேன்" என்றார்.

"அடைச்சிக்கும்னு சொன்னீங்களே?"

"அடைச்சா கழுவிக்கிறேன். ஒரு எடத்துக்கு வேணும்."

வாரக் கடைசியில் ஜீப்பை எடுக்க லாரி வந்தது. சங்கிலி போட்டுத் தூக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியைத் திருப்பலாமா என்று நினைத்தேன், திருப்பவில்லை. லாரி போன பிறகு எழுந்து பார்த்தேன். ஜீப் நின்ற இடத்தில் மட்டும் புல் வெளுத்து, நீள்சதுரமாக இருந்தது. மேடமும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். இது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்காத ஒரே கறை அதுதான். இருவரும் வேலையைப் பார்க்கப் போனோம்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவ்வப்போது ஏர்பிரஷ் அடைத்துக்கொண்டது என்று மட்டும் புலம்புவார். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்தால் வருகிறது, ஆனால் தனக்கு வேண்டியது மோர்த் தண்ணீர் பதம், அதில் காற்றைக் கொஞ்சம் கூட்டினாலும் சிலந்திக் கால் மாதிரி ஓடிவிடுகிறது என்பார். எழுபது எண்பது வெள்ளைத் தாள்களில் ஒரே ஒரு சின்னத் தேய்ப்பை அடித்து அடித்துப் பார்த்து வீணாக்கியிருந்தார். எனக்கு அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னார். மேசையில் ஜீப் நின்றது. ஒரு உள்ளங்கையில் அடங்கும். எருக்கஞ்செடி இல்லை, இறங்கிய டயர் இல்லை. "சும்மா நின்னப்ப வந்த அழுக்கு வேற, ஓடுனப்ப வந்த அழுக்கு வேற. ஓடுனதை மட்டும் வெச்சேன்" என்றார். பானெட்டில் வெயிலில் வெளுத்த பச்சை. சக்கரத்துக்கு மேலே செம்மண். அதற்கெல்லாம் ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. கிளட்ச் பெடலின் ஒரு மூலை மினுங்கியது. நல்ல வேலை என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஏதாவது வரும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமே, என்ன சொல்வது என்று கவலையாக இருந்தது.

"கதவத் தொற" என்றார்.

நகத்தால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். பூதக் கண்ணாடியைக் கொடுத்தார். உள்தூணில், அரிசி முனை அளவுக்கு ஒரு சாம்பல் வெள்ளைத் தேய்ப்பு. கீழே கனமாக ஆரம்பித்து, மேலே போகப் போக ஒன்றுமில்லாமல் கரைந்துபோயிற்று. ஒரு கட்டைவிரல் இழுத்த மாதிரி.

மேடம் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். ஜீப் பக்கம். இடப்பக்கம் வரிசையாகக் கறைகள், வலப்பக்கம் காரணங்கள். கடைசி வரியில் இடப்பக்கம் மட்டும் எழுதியிருந்தது: டிரைவர் பக்க உள்தூண், விபூதி, பல வருஷம். வலப்பக்கம் காலியாக இருந்தது.

"விபூதின்னு தெரியுது. ஏன் அந்த எடத்துலன்னு தெரியல. காரணம் தெரியாம இதுவரைக்கும் ஒரு கறைய நான் வெச்சதில்ல. இத வெச்சிட்டேன்." பென்சிலை நீட்டினார். "தெரிஞ்சா எழுது. தெரியலன்னா அழிச்சிடறேன்."

பென்சிலை வாங்கினேன். எழுதவில்லை. வாயால்தான் சொன்னேன். என் கணவர் போகும் வழியில் ஈசான்ய லிங்கக் கோயிலில் ஜீப்பை நிறுத்துவார் என்றேன். வீட்டில் இட்டது போதாதென்று அங்கேயும் விபூதி வாங்குவார். மிச்சத்தைக் கீழே கொட்ட மாட்டார், காலில் மிதிபடும். ஸ்டியரிங்கில் படக்கூடாது, அதிகாரி பார்த்தால் ஏதாவது சொல்வார். வீட்டிலும் இதே வேலைதான். இருபது வருஷம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவே இல்லை. நான் துடைத்துத் துடைத்து... அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் செத்த பிறகு அவரைப் பற்றி நானாக ஒரு ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஊட்ல எங்க? அந்தச் சமையக்கட்டு நெலையா?"

"ஆமாங்க."

"எவ்ளோ ஒசரம்?"

எழுந்து அவர் அறையின் நிலையருகே போனேன். யோசிக்கவில்லை. கை தானாகப் போய் ஒரு இடத்தில் நின்றது. வாரா வாரம் ஈரத் துணியோடு போன இடம். அதற்கு ஒரு விரல் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அங்கே வெறும் மரம்தான் இருந்தது. கையை எடுக்கச் சொன்னால் எடுக்க முடிந்திருக்காது. மேடம் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து, என் கட்டைவிரலுக்கு அடியில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். தரையிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தார். ட்ரேசிங் பேப்பர் துண்டில் எழுதி என்னிடம் கொடுத்தார்: நாலடி ஏழங்குலம். "போறப்ப ஜீப்ப எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, ஏர்பிரஷ்ஷைக் கழுவ உட்கார்ந்துவிட்டார். அது ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு விபூதி இட்டுக்கொண்டேன். கட்டைவிரலில் மிச்சம் இருந்தது. கை வழக்கம்போலக் குழாய்ப் பக்கம் போனது. குழாயைத் திறக்கவில்லை. சமையலறை நிலைக்குப் போனேன். துண்டுச் சீட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.